கொய்யா இலைச் சாறும் 37 மீன்களும்

மூன்றாம் தொட்டியில் ஒரே இரவில் 37 மீன்கள் செத்து மிதந்தன. இருந்தவையே 40. நோய் கொண்டுபோயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். கொன்றது நோயில்லை, நோய்க்கு மருந்து என்று முந்தின மாலை நானே ஊற்றிய கொய்யா இலைச் சாறு. அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அதற்கப்புறம் செய்ததில் ஒன்று ஓரளவு பலித்திருக்கிறது. இரண்டையும் நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிற வேறு யாருக்காவது அந்த 37 மிச்சமாகட்டும்.

என்னிடம் 500 லிட்டர் ஃபைபர் தொட்டிகள் ஏழு, வரிசையாக. ஒவ்வொன்றிலும் காற்றைக் குமிழியாக விடும் ஏர் ஸ்டோன் ஒன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காற்று பம்ப், வரிசையின் ஒரு முனையில். இந்த பம்ப் பின்னால் மறுபடி வரும். வளர்ப்பது திலேப்பியா. வலை போட்டு மீன்களை அளவுவாரியாகப் பிரித்த மூன்றாம் நாள் நோய் தெரிந்தது. முதலில் துடுப்பின் அடியில் சிவப்பு, அப்புறம் உடம்பில் காசளவு புண். சிலவற்றுக்கு வயிறு உப்பிச் செதில்கள் தூக்கி நின்றன, கண் பிதுங்கியது. தினமும் இரண்டு மூன்று செத்தன.

இதே அறிகுறிகளுக்கு முன்பு ஒரு தடவை ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து பத்து நாள் கொடுத்திருந்தேன். கேட்டது. இந்தத் தடவை கேட்கவில்லை. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிற தோழி ஒருத்தி இருக்கிறாள். மீனைக் கொண்டுவந்தால் என்ன கிருமி என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள்.

செத்த மீன் ஒன்றின் புண்ணைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்துப் போனேன். மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டில் நாலைந்து விதமான காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) முளைத்திருந்தன. "செத்த மீன்ல எல்லாமும்தான் வளரும். எது கொன்னது, எது பொணத்துக்கு வந்ததுன்னு நான் எப்படிச் சொல்றது? உயிரோட இருக்கிற நோயாளியக் கொண்டு வா" என்றாள்.

மறுநாள் நீந்த முடியாமல் மேலே சாய்ந்து கிடந்த மூன்று மீன்களை வாளியில் எடுத்துப் போனேன். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்கவைத்து அப்படியே முடித்தாள். வெளித்தோலை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வயிற்றைத் திறந்து, சிறுநீரகத்தில் கம்பி வளையத்தைக் குத்தி எடுத்துத் தட்டில் இழுத்தாள். மனித நோய்க்கிருமிகளுக்கு வழக்கமாக வைக்கும் 37 டிகிரியில் வைக்காமல், மீன் வாழும் வெப்பத்தை ஒட்டி 28 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தாள். மூன்று தட்டிலும் ஒரே மாதிரி வெளிர்மஞ்சள் வட்டக் காலனிகள். கிராம் நெகட்டிவ், குச்சி வடிவம், நகரக்கூடியது. ஆக்சிடேஸ் சோதனையில் பத்து நொடிக்குள் ஊதா. ரிம்லர்-ஷாட்ஸ் ஊடகத்தில் மஞ்சள். ஏரோமோனாஸ் என்று சொல்ல இது போதும், ஹைட்ரோஃபிலாவா இல்லை அதன் உறவா என்று பிரிக்கப் போதாது என்றாள். அதனால் ஏரோமோனாஸ் என்று மட்டுமே எழுதுகிறேன். ஆக்சிடெட்ராசைக்ளின் ஏற்றிய காகித வில்லையை வைத்த தட்டில் கிருமி வில்லையின் விளிம்பு வரை முட்டி வளர்ந்திருந்தது, அதாவது மருந்து அதைத் தடுக்கவே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏரோமோனாஸ் மனிதர்களின் வெட்டுக்காயத்திலும் இறங்கும். துடுப்பு முள் குத்திய விரலோடு நான் இரண்டு நாள் தொட்டியில் கை விட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டதும் அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. இப்போது முழங்கை வரை கையுறை போட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது இலை. கொய்யா இலை, வேப்பிலை, வெற்றிலை, மஞ்சள், பூண்டு என்று ஐந்து எடுத்துக்கொண்டேன். இவற்றில் கிருமியைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி, எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. தேர்வுக்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

காயவைப்பது சும்மா நடக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். கழுவிய கொய்யா இலையை ஒரு சாக்கின் மேல் அரை அடி உயரத்துக்குக் குவித்துவிட்டேன். நான்காம் நாள் நடுவில் கை வைத்தால் சூடு, வெள்ளைப் பூஞ்சை. மொத்தத்தையும் கொட்டினேன். இரண்டாம் தடவை கொசுவலையைக் கட்டில் சட்டத்தில் இழுத்துக் கட்டி, இலைகள் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, கீழே ஒரு மின்விசிறியைப் படுக்கவைத்தேன். நிழலில் ஆறு நாள். கையில் நொறுக்கினால் பொடியாக வேண்டும், மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரு கிலோ பச்சைக் கொய்யா இலை 370 கிராம் சருகானது. வெற்றிலை ஒரு கிலோ 130 கிராமுக்கு வந்து நின்றது. அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

மிக்சியில் அரைக்கும்போது பத்து நொடி ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தினேன். தொடர்ந்து ஓட்டினால் ஜாடி சூடேறிப் பொடி கருகின வாசம் வருகிறது. சலித்து, 50 கிராம் பொடிக்கு 500 மி.லி. என்ற கணக்கில் 70 சதவீத ஆல்கஹாலில் ஊறப்போட்டேன். கிடைத்தது 95 சதவீத ஆல்கஹால். அதில் 737 மி.லி. எடுத்துத் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் 70 சதவீதம். நிறக் கண்ணாடி பாட்டிலில் மூன்று நாள், காலை மாலை குலுக்கல். அப்புறம் முதலில் துணியில் வடித்து, பிறகு வடிதாளில் வடித்தேன். வடிதாள் பொடியில் அடைத்துக்கொண்டு ஒரு பாட்டிலுக்கு மூன்று மணி நேரம் எடுத்தது. துணியை நாலாக மடித்து இரண்டு முறை வடித்தால் தாளின் வேலை பாதியாகக் குறைகிறது என்று ஐந்தாவது பாட்டிலில்தான் புரிந்தது.

ஆல்கஹாலைப் போக்குவதில்தான் பயந்துபோனேன். ஆய்வகத்தில் அதற்குச் சுழல் ஆவியாக்கி இருக்கிறது. என்னிடம் இல்லை. மின்சார அடுப்பில் நேராக வைத்துப் பார்த்தேன். ஓரம் கருகியது, அறை முழுக்க ஆல்கஹால் ஆவி. ஒரு தீப்பொறி போதும். உடனே அணைத்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவந்தேன். அதன்பிறகு அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி, அதை 45 டிகிரி வெந்நீர் நிறைந்த பாத்திரத்தின் மேல் திறந்த வெளியில் வைத்தேன். வெந்நீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டு பகல் ஆனது. மிஞ்சியது தார்போல ஒட்டுகிற கரும்பச்சைப் பசை. கொய்யாவில் 50 கிராம் பொடிக்கு 7.4 கிராம், வேம்பில் 6.1 கிராம். தட்டின் எடையை முன்கூட்டியே குறித்துவைக்கவில்லை என்றால் இந்தப் பசையைச் சுரண்டி நிறுப்பது நடக்காத காரியம். ஆவியாகப் போன ஆல்கஹாலைத் திரும்பப் பிடிக்கவும் வழியில்லை. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதிலேயே போனது.

பூண்டில் வேறு மாதிரித் தப்பு. அதை வேகவைத்து வடித்தேன். தட்டில் ஒன்றுமே ஆகவில்லை. பூண்டின் வீரியம் அல்லிசினில் இருக்கிறது. முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போது அல்லினேஸ் என்ற நொதி அல்லினோடு சேர்ந்து அதை உண்டாக்குகிறது. கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடும், அல்லிசின் பிறப்பதே இல்லை. பச்சையாக நசுக்கிப் பத்து நிமிடம் சும்மா விட்டு, அப்புறம் பிழிந்து வடித்தேன்.

தட்டுச் சோதனைக்கு வில்லைகளை வடிதாளில் அலுவலகத் துளைப்பானால் குத்தி எடுத்தேன். அதன் துளை சரியாக 6 மி.மீ. பிரஷர் குக்கரில் வைத்துக் கிருமி நீக்கினேன். கிருமி வளர்க்கும் ஊடகமான முல்லர்-ஹின்டன் அகாரில் 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. ஊற்றினால் நாலு மி.மீ. கனம் வரும். முதல் நாள் கண்மட்டத்தில் ஊற்றினேன். கனம் கூடக்குறைய இருந்ததால் ஒரே சாறுக்கு ஒரு தட்டுக்கும் இன்னொன்றுக்கும் மூன்று மி.மீ. வித்தியாசம். கிருமிக் கரைசலின் கலங்கலை மெக்ஃபார்லண்ட் 0.5 என்ற அளவுகோல் குழாயோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதைத் தோழி செய்துகொடுத்தாள். சாறுகளை மறுபடி ஆல்கஹாலில் கரைத்து, மி.லி.க்கு 100 மி.கி. வீதம், வில்லைக்கு 20 மைக்ரோலிட்டர் விட்டு, ஈரத்தோடு அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். அன்று அவள் பக்கத்தில் இல்லை.

மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் அகலம் கொய்யாவுக்கு 17 மி.மீ., வெற்றிலைக்கு 15, வேம்புக்கு 12, பூண்டுக்கு 22. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். தோழியிடமிருந்து மட்டும் "வெறும் ஆல்கஹால் வில்லை எங்கே?" என்று ஒரு வரி வந்தது. அதைப் படிக்கும்போது நான் கொய்யா இலையைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் கொதிக்கவைத்தேன்? ஆல்கஹால் சாற்றைத் தொட்டியில் ஊற்ற மனம் வரவில்லை. தண்ணீர்க் கஷாயம் சாது என்று தோன்றியது. சோதித்தது ஒன்று, ஊற்றப்போவது வேறொன்று என்பது அப்போது உறைக்கவே இல்லை. ஒரு கிலோ சருகைப் பத்து லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, மாலை ஆறு மணிக்கு மூன்றாம் தொட்டியில் ஊற்றினேன். மருந்து வீணாகக்கூடாது என்று தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்தினேன். தண்ணீர் கடுங்காப்பி நிறமானது. ஆறரைக்கு ஆக்சிஜன் மீட்டர் லிட்டருக்கு 5.8 மி.கி. காட்டியது. மீன்கள் இயல்பாகத்தான் திரிந்தன. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

காலை ஐந்து மணிக்கு மேலே ஓர் அங்குல நுரை. ஏர் ஸ்டோனைச் சுற்றி மூன்று மீன்கள் வாயைப் பிளந்தபடி இருந்தன. மற்றவை மிதந்தன. மீட்டரில் 0.9.

என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு வாளிகள் வைத்தேன். ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் தண்ணீர், ஐந்து மீன், அதே விகிதத்தில் 400 மி.லி. கஷாயம். ஒன்றில் பலமான காற்று, இன்னொன்றில் தொட்டியில் இருந்ததைப்போல மெல்லிய காற்று. விடிவதற்குள் மெல்லிய காற்று வாளியில் நாலு போயின. பலமான காற்று வாளியில் ஐந்தும் உயிரோடு இருந்தன, ஆனால் செவுள் வேகமாக அடித்துக்கொண்டது, செவுளில் பழுப்புச் சளி. ஆக முக்கியக் கொலையாளி மூச்சுத்திணறல். கஷாயத்தில் இருக்கும் சர்க்கரையும் மற்ற கரைபொருள்களும் தண்ணீரில் உள்ள சாதாரண பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை இரவு முழுக்கத் தின்று பெருகி ஆக்சிஜனைக் காலிசெய்துவிட்டன. கிருமியை ஒழிக்கப் போய்க் கிருமிக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

இயற்கையானது, இலைதானே, ஒன்றும் செய்யாது என்கிற நினைப்பு என்னிடமும் இருந்தது. இலுப்பைப் புண்ணாக்கைக் குளத்தில் போட்டு வேண்டாத மீன்களைக் கொல்வது பழைய முறை. அதில் இருக்கும் சபோனின் வேலை செய்கிறது. தேயிலை விதைப் புண்ணாக்கும் அப்படித்தான். டெர்ரிஸ் வேரிலிருந்து வரும் ரோட்டினோன் மீன் விஷமாகவே விற்கப்பட்டது. செடிச் சாறு மீனைக் கொல்லும் என்பது, செடிச் சாறு மீனைக் காக்கும் என்பதைவிட நன்றாக நிரூபணமான விஷயம்.

சரி, தட்டுக்குத் திரும்பினேன். இந்த முறை பசையை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, வில்லைக்கு 10 மைக்ரோலிட்டராக இரண்டு தடவை விட்டு, இடையில் காயவைத்தேன். கூடவே வெறும் டிஎம்எஸ்ஓ வில்லை ஒன்று, ஈர ஆல்கஹால் வில்லை ஒன்று, ஃப்ளோர்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் வில்லை ஒன்று. ஈர ஆல்கஹால் மட்டுமே 9 மி.மீ. வட்டம் போட்டது. டிஎம்எஸ்ஓவுக்கு ஒன்றுமில்லை. கொய்யா 17-லிருந்து 14-க்கு இறங்கியது. வெற்றிலை 13. வேம்பு 6, அதாவது வில்லையின் அகலம் மட்டும், வட்டமே இல்லை. நான் பெருமையாக அனுப்பிய வேம்பு வட்டம் ஆல்கஹாலுடையது. பச்சைப் பூண்டுச் சாறு 22-லேயே நின்றது, ஆனால் நாலு நாள் வெளியில் வைத்த அதே சாறு 13. ஊற்றிய கஷாயத்தையும் ஒரு வில்லையில் வைத்துப் பார்த்தேன்: 8. ஃப்ளோர்ஃபெனிகால் 28.

மஞ்சளுக்கு 7 மட்டுமே வந்தது. உடனே தள்ளிவிடப் பார்த்தேன். மஞ்சளின் வீரியப் பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது, அதனால் அகாரில் பரவாது, வட்டம் சின்னதாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றாள் தோழி. வட்டத்தின் அகலத்தில் வீரியமும் இருக்கிறது, பரவும் வேகமும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் இரண்டு சாறுகளின் வட்டங்களை அருகருகே வைத்து எது பெரிது என்று சொல்வதை இப்போது விட்டுவிட்டேன்.

அளவு தெரிய வேண்டுமானால் குழாய்ச் சோதனைதான். எட்டுக் குழாய்கள், முதலில் மி.லி.க்கு 10 மி.கி. கொய்யாச் சாறு, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி என்று 0.08 வரை. ஒவ்வொன்றிலும் அதே அளவு கிருமி. மறுநாள் எது கலங்கவில்லை என்று பார்க்க வேண்டும். பார்க்கவே முடியவில்லை. முதல் நாலு குழாயும் சாற்றின் நிறத்திலேயே கறுத்துக் கிடந்தன. கடைசியில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி எடுத்துச் சாறில்லாத தட்டில் வைத்து, எங்கே முளைக்கிறது என்று எண்ணினோம். 2.5 மி.கி. வரை முளைக்கவில்லை, 1.25-இல் முளைத்தது.

அந்த எண்ணை வைத்து அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. மி.லி.க்கு 2.5 மி.கி. என்றால் 500 லிட்டருக்கு 1.25 கிலோ பசை. 50 கிராம் பொடிக்கு 7.4 கிராம் கிடைக்கிறது என்றால் அதற்கு எட்டரைக் கிலோ சருகு வேண்டும். பச்சை இலையாக 23 கிலோ. ஒரே தொட்டிக்கு, ஒரே தடவைக்கு! நான் ஊற்றிய ஒரு கிலோ சருகு கிருமியைக் கொல்ல எட்டில் ஒரு பங்குகூடக் காணாது, மீனைக் கொல்ல மட்டும் தாராளமாகக் கண்டது. தண்ணீரில் ஊற்றும் யோசனையை அன்றோடு விட்டேன்.

மிச்சம் இருந்த வழி தீவனம். இங்கே நோக்கமே வேறு. கிருமியைத் தண்ணீரில் தேடிப் போய்க் கொல்வது இல்லை. நோய் வருவதற்கு முன்பே மீனின் குடலிலும் உடம்பிலும் ஏதாவது தாங்கும் சக்தி ஏறுகிறதா என்று பார்ப்பது. கணக்கும் அதிசயமாக மாறியது. 20 கிராம் மீன் 60, தினமும் உடல் எடையில் 3 சதவீதத் தீவனம், வளர்ச்சியையும் சேர்த்து 28 நாளுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் போதும். கிலோவுக்கு 5 கிராம் சாறு என்றால் மொத்தம் 7.5 கிராம். ஒரு பாட்டில் ஊறல்!

முதலில் கிலோவுக்கு 20 கிராம் வீதம் பூசினேன். மீன்கள் வாயில் வாங்கித் துப்பின. துவர்ப்பு. அரை மணி கழித்துப் பார்த்தால் தீவனம் அடியில் கிடந்தது. 10 கிராமிலும் தயக்கம் இருந்தது. 5 கிராமில் வழக்கம்போலத் தின்றன. அளவை அறிவியல் தீர்மானிக்கவில்லை, மீனின் நாக்கு தீர்மானித்தது.

பூசுவதிலும் ஒரு பாடம். சாற்றைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துக் காயவைத்த உருண்டைகள் பத்தை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் தண்ணீர் பழுப்பு. மீன் தின்பதற்குள் பாதி கரைந்துவிடும். 3 சதவீத ஜெலட்டின் கரைசலில் சாற்றைக் கலந்து கிலோவுக்கு 100 மி.லி. தெளித்தபோது பத்து நிமிடம் வரை தண்ணீர் தெளிவாக இருந்தது. எண்ணெயும் பார்த்தேன், பரவாயில்லை, ஆனால் மேலே படலம் கட்டுகிறது. மொத்தமாகப் பூசிவைத்த முதல் கிலோவில் ஒன்பதாம் நாள் பூஞ்சை. அதற்கப்புறம் மூன்று நாளைக்கு மட்டும் பூசிக் குளிர்பெட்டியில் வைத்தேன். பூண்டைக் கிலோவுக்கு 20 கிராம் வீதம் அன்றன்றைக்கு நசுக்கினேன். ஒரு மாதம் விரலில் அந்த வாசம் போகவே இல்லை.

தொட்டிகளையெல்லாம் பிளீச்சிங் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுக் குஞ்சுகளை விட்டேன். தொட்டிக்கு 30. மூன்றாம் தொட்டியை இதில் சேர்க்கவில்லை. காரணம் அறிவியல் இல்லை, மனசு. ஒன்றும் ஆறும் கொய்யா, இரண்டும் ஐந்தும் சாதாத் தீவனம், நாலும் ஏழும் பூண்டு. 28-ஆம் நாள் நிறுத்துப் பார்த்தபோது சராசரி எடை சாதாவில் 41 கிராம், கொய்யாவில் 40, பூண்டில் 43. வித்தியாசம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

கிருமியை ஊசியில் ஏற்றி எது சாகிறது என்று பார்ப்பது ஆய்வகங்களில் வழக்கம். என் தொட்டியில் அதைச் செய்ய எனக்கு இஷ்டமில்லை. தேவையும் படவில்லை. எடை பார்க்க வலை போட்ட மூன்றாம் நாள் ஐந்தாம் தொட்டியில் சிவப்புப் புண் தெரிந்தது, ஒரு வாரத்தில் ஆறு தொட்டிக்கும் வந்துவிட்டது. இரண்டு வாரம் எண்ணினேன். சாதாத் தொட்டிகளில் 60-க்கு 19 சாவு. கொய்யாவில் 8. பூண்டில் 9.

கொய்யாவுக்குச் சார்பு பிழைப்பு விகிதம், அதாவது சாதாத் தொட்டிகளைவிடச் சாவு எவ்வளவு குறைந்தது என்பது, 58 சதவீதம், பூண்டுக்கு 53 என்று போட்டுத் தோழிக்கு அனுப்பினேன். இந்தத் தடவை படம் அனுப்பவில்லை, குறிப்பேட்டையே கொடுத்தேன். அவள் தீவனப் பத்தியை விட்டுவிட்டுத் தொட்டி எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தாள். ஒன்றில் 2, இரண்டில் 5, நாலில் 3. ஐந்தில் 14, ஆறில் 6, ஏழில் 6. "ஒண்ணு, ரெண்டு, நாலு சேர்த்துப் பத்து. அஞ்சு, ஆறு, ஏழு சேர்த்து இருபத்தாறு. பம்ப் எந்தப் பக்கம் இருக்கு?"

பம்ப் ஒன்றாம் தொட்டிப் பக்கம் இருக்கிறது. மறுநாள் விடியலில் ஆக்சிஜனை அளந்தேன். முதல் மூன்று தொட்டிகளில் 5.5-லிருந்து 5.8, கடைசி மூன்றில் 4.0-லிருந்து 4.2. குழாயின் தூரக் கோடிக்குக் காற்று போய்ச் சேரவில்லை. இலையால் வந்த வித்தியாசத்தைவிடக் காற்றால் வந்த வித்தியாசம் பெரியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு தீவனமும் ஒரு தொட்டி வந்தது என் அதிர்ஷ்டம், திட்டம் இல்லை. இரு பக்கத்திலும் சாதாத் தொட்டியில்தான் அதிகச் சாவு என்பதால் இலைக்கும் பூண்டுக்கும் ஏதோ பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன். இரண்டு இரண்டு தொட்டியை வைத்து அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இன்னொரு குழப்படியும் செய்தேன். ஐந்தாம் தொட்டியில் சாவு கூடியதும் பொறுக்க முடியாமல் நாலாம் நாளிலிருந்து அதற்கும் கொய்யாத் தீவனம் போட்டேன். சாவு குறையவில்லை. நோய் முற்றிய மீன் தின்பதில்லை. தீவனம் அடியில் கிடந்து அழுகித் தண்ணீரை இன்னும் கெடுத்தது. அந்த 14-இல் சிலவற்றுக்கு நானே காரணமாக இருக்கலாம்.

அடுத்த சுற்றில் மாற்றப்போகிறவை: ஒவ்வொரு தீவனத்துக்கும் மூன்று தொட்டிகள், எந்தத் தொட்டிக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பது, வலை போட்ட பிறகு ஒரு வாரம் இரவு ஆக்சிஜனையும் குறிப்பது. இரண்டு தொட்டிகள் புதிதாக வாங்க வேண்டும். மூன்றாம் தொட்டியும் திரும்ப வேலைக்கு வருகிறது. வேம்பையும் மஞ்சளையும் விட்டுவிட்டேன். கொய்யாவில் ஒரே மரத்தின் இலையையே எடுக்க வேண்டும். வேறொரு மரத்தின் இளந்தளிரில் அதே முறையில் எடுத்த சாறு 11 மி.மீ. மட்டுமே காட்டியது. அதனால் ஒவ்வொரு பாட்டிலிலும் மரம், நாள், இலையின் முதிர்ச்சி மூன்றையும் எழுதி ஒட்டுகிறேன். ஒவ்வொரு புதுப் பாட்டிலையும் தட்டில் ஒரு தடவை பார்க்காமல் தீவனத்தில் பூசுவதில்லை.

வரிசையின் மறுமுனையில் இரண்டாவது பம்ப் மாட்டியாகிவிட்டது. நேற்று காலை ஐந்து மணிக்கு ஏழாம் தொட்டியில் 5.6. கொசுவலையில் இலை காய்கிறது, இன்றைக்கு மூன்றாம் நாள். நொறுக்கிப் பார்த்தேன், இன்னும் மடங்குகிறது.